தொலைக்கத் தெரியாதவன்

ஆடி மாதம் புதுப்பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போவது எல்லா ஊரிலும் இருக்கிற வழக்கம்தான். ஆவணி பிறந்ததும் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். ஜம்புலிங்கத்தின் மாமனார் சிங்காரம் இதில் முதல் பாதியை மட்டும் ஒழுங்காகச் செய்தார். கல்யாணமாகி ஆறு மாதமே ஆகியிருந்த காஞ்சனாவை வந்து அழைத்துக்கொண்டு போனார். ஆவணி பிறந்தது, புரட்டாசியும் வந்து போனது. தலைதீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை பஸ் கண்டக்டர் கையில் வந்து சேர்ந்தது. அழைப்பு வரவில்லை.

அந்த வேட்டியையே கட்டிக்கொண்டு ஜம்புலிங்கம் திருத்தணியிலிருந்து பஸ் ஏறிப் பொதட்டூர்பேட்டைக்குப் போனான். சிங்காரத்துக்கு அங்கே எட்டு விசைத்தறி. எட்டும் லுங்கி நெய்தன. மாப்பிள்ளையைப் பாயில் உட்கார வைத்து, காபி கொடுத்து, மரியாதைக்கு ஒரு குறையும் இல்லாமல்தான் பேசினார்.

"மாப்பிள்ள, போன மாசம் நான் மூணு நாள் திருப்பதி போயிருந்தேன். தறி பாட்டுக்கு ஓடிகினுதான் இருந்திச்சி. நீங்க ஒரு நாள் காய்ச்சல்ல படுத்தா உங்க டீக்கடை இன்னா ஆவுங்க?"

"மூடியிருக்கும் மாமா."

"அப்ப அது தொழில் இல்லீங்க, கூலி. நீங்க படுத்துகினாலும் ஓடற மாதிரி ஒரு தொழில் பண்ணுங்க. மறுநாளே பொண்ணக் கொண்ணாந்து உடறேன்."

கதவுக்குப் பின்னால் காஞ்சனாவின் புடவை ஓரம் தெரிந்தது. அவ்வளவுதான் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே காபியை ஆறவிட்டுவிட்டு எழுந்து வந்தான். அவளில்லாமல் அவனுக்குச் சோறு இறங்கவில்லை என்பதை மாமனாரிடம் எப்படிச் சொல்வது? சொன்னாலும் அது தொழில் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை என்றிருப்பார்.

ஜம்புலிங்கம் தறியில்லாத நெசவாளர் வீட்டுப் பிள்ளை. உழைப்புக்கு அஞ்சாதவன். அவனிடம் இருந்த ஒரே கோளாறு நேர்மை. அளவோடு இருந்தால் அதுவும் நல்ல குணம்தான். இவனுக்கு அது படை மாதிரி உடம்பெல்லாம் பரவியிருந்தது. தாலுகா ஆபீஸ் எதிரில் டீக்கடை வைத்து, பால் திரிந்துபோன நாளில் வாசலில் நின்று வருகிறவர்களை எல்லாம் பக்கத்துக் கடைக்கு அனுப்பி வைத்தான். போனவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். மாம்பழம் விற்றபோது, "இது புளிக்கும், அதுவும் புளிக்கும், எதுக்கும் நாளைக்கு வாங்க" என்றான். நாளைக்குப் பழம் அழுகிவிட்டது.

அந்தத் தை மாதம் திருத்தணி முருகன் கோயில் மலையடிவாரத்தில் செருப்பு பாதுகாக்கும் உரிமை ஏலத்துக்கு வந்தது. தேங்காய் ஏலத்துக்கும் பூ ஏலத்துக்கும் அடிதடியாக நின்ற கூட்டம், செருப்பு என்றதும் வெற்றிலை போட எழுந்து போய்விட்டது. ஊரார் கால்செருப்பை எவன் தொடுவான்? கேட்டது ஜம்புலிங்கம் ஒருவன்தான். பொருளை வாங்கி வைத்துப் பத்திரமாகத் திருப்பிக் கொடுக்கிற வேலை. தனக்கென்றே பிரம்மா ஒதுக்கி வைத்த தொழில் என்று அவன் நினைத்தான்.

மரச்சட்டங்களை அடித்து வரிசை வரிசையாகத் தட்டு வைத்தான். தகரத்தில் எண் பொறித்து டோக்கன் செய்தான். ஸ்டேஷனில் மூட்டை தூக்கி முதுகு போன பச்சையப்பனை உதவிக்கு வைத்துக்கொண்டான். படி ஏறிப் போகிற பக்தர்கள் இறங்கி வரும்போது செருப்பு தூசு தட்டி, இரண்டும் ஒரே திசையைப் பார்த்தபடி, தயாராக இருக்கும். திருத்தணியில் அப்படி ஓர் ஒழுங்கை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் அப்படியொன்றும் சந்தோஷப்படவும் இல்லை. அதை அவன் கவனிக்கவில்லை.

அவன் கவனித்தது வேறொன்றை. தினமும் சாயங்காலம் நாலு ஜோடி, ஐந்து ஜோடி மிஞ்சிவிடும். கிருத்திகை நாளில் முப்பதுகூட மிஞ்சும். மலைக்குப் படி ஒரு பக்கம், மோட்டார் ரோடு ஒரு பக்கம். படியேறிப் போன சிலர் ரோடு வழியாக இறங்கிப் போய்விடுகிறார்கள். பாவம், மறதி என்று நினைத்துக்கொண்டான். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு சீட்டு எழுதிக் கட்டினான். 'மீசை வைத்தவர், கூட இரண்டு குழந்தை.' 'பச்சைப் புடவை, தெலுங்கு பேசினார்.' யாராவது அகப்பட்டால் செருப்போடு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் துரத்திக்கொண்டு ஓடுவான். துரத்தப்பட்டவர்கள் அவனைக் கண்டதும் இன்னும் வேகமாக ஓடினார்கள். கூச்ச சுபாவம் என்று அதையும் எடுத்துக்கொண்டான்.

பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை. சாப்பிட்டுவிட்டு வந்தவன் தட்டைப் பார்த்துத் திகைத்து நின்றான். பெரிய தோல் செருப்பு, டயர் அடிப்பாகம், இடது வாரில் நீல நூலால் போட்ட தையல். லுங்கி நெய்கிற நூல். அவன் அந்தச் செருப்பைப் பொதட்டூர்பேட்டையில் மாமனார் வீட்டு வாசலில் பார்த்திருக்கிறான்.

"இது யார் குடுத்தாங்க பச்சையப்பா?"

"ஒரு பெரியவரு. நீ இல்லியான்னு கேட்டாரு. இல்லன்னேன். நல்லதாப் போச்சின்னு சொல்லிட்டு ஏறிட்டாரு."

பெரியவர் படி வழியாக இறங்கவே இல்லை. மாமா மறந்துவிட்டார்! ஜம்புலிங்கத்துக்கு அன்றைக்குத் தூக்கமே வரவில்லை. முருகனாகப் பார்த்துக் கொடுத்த சந்தர்ப்பம் அல்லவா! மறுநாள் காலையில் செருப்புக்கு எண்ணெய் தடவினான். நூல் தையலைப் பிரித்துவிட்டு, சக்கிலியர் வீதிக்குப் போய்ப் புது வார் போட்டுக்கொண்டு வந்தான். ஒரு சீப்பு வாழைப்பழம், இரண்டு முழம் பூ, காகிதத்தில் சுற்றிய செருப்பு, எல்லாவற்றையும் தாம்பாளத்தில் வைக்காத குறையாக மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினான்.

பொதட்டூர்பேட்டையில் அவன் காகிதத்தைப் பிரித்ததும் மாமியார் கன்னியம்மாள் கத்திய கத்தலில் தறிக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். சிங்காரம் எழுந்திருக்க முயன்று முடியாமல் உட்கார்ந்தார். அவருடைய இரண்டு பாதத்திலும் துணி சுற்றியிருந்தது.

விஷயம் இதுதான். மாசியில் சிங்காரத்துக்கு மூன்று மோட்டார் எரிந்துபோனது. சோளிங்கரில் வாங்கிய நூல் முழுக்க மக்கலாக வந்தது. ஜோசியன் பார்த்துவிட்டு, சனி காலைப் பிடித்திருக்கிறது, செவ்வாய்க்கிழமை முருகன் மலையடியில் செருப்பு தொலைய வேண்டும், தொலைந்தால் பீடை போகும் என்று சொல்லியிருந்தான். அறுபத்திரண்டு வயது மனிதர் அதை நம்பித் தொலைத்துவிட்டு, பங்குனி வெயிலில் தார் ரோட்டில் வெறுங்காலோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து, பாதம் கொப்பளித்து வந்து படுத்திருந்தார். அவர் தலைமுழுகிய சனியனுக்கு எண்ணெய் தடவி, புது வார் போட்டு, பழம் பூவோடு வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறான் மாப்பிள்ளை.

கோயிலில் செருப்பு தொலைந்தால் பீடை தொலையும் என்பது ஜம்புலிங்கத்துக்கும் தெரியாததல்ல. அந்தப் பக்கத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். ஆனால் டோக்கன் போட்ட செருப்பு தொலையக் கூடாது என்பது அவன் கட்சி. இரண்டையும் சேர்த்து யோசிக்க அவனுக்குத் தோன்றவே இல்லை.

"தொழில் பண்ணச் சொன்னா எங்க குடும்பத்துக்குப் பீடையத் தூக்கிகினு வராரு!" என்றார் சிங்காரம். "இனிமே பொண்ணு கிண்ணுன்னு இந்தப் பக்கம் வராதீங்க. எடுத்துகினு போங்க அத்த!"

உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. அடக்கப் பார்த்து, அடங்காமல், இருமலாக மாறிய சிரிப்பு. அவன் செருப்பைச் சுருட்டிக்கொண்டு தெருவில் இறங்கியபோது காஞ்சனா கிணற்றடிப் பக்கமாக வந்து வேலியோரம் நின்றாள். எட்டு மாதத்தில் முதல் தடவையாக முழு முகத்தையும் பார்த்தான். என்ன பேசுவதென்று தெரியாமல் பூவை நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள்.

"இன்னாங்க, தொலைக்கணும்னு வரவங்கள தொலைக்க உடுங்க" என்றாள். "அவங்களுக்கு வேண்டியது வேற. எங்க நைனா காலப் பாத்தீங்க இல்ல? தொலைச்சிட்டு எதைப் போட்டுகினு வீட்டுக்குப் போறது? அதுக்கு ஒரு வழி பண்ணுங்க." சொல்லிவிட்டு ஓடிவிட்டாள்.

பஸ்ஸில் திரும்பி வருகையில் அவனுக்குக் கண் திறந்தது. மோட்டார் ரோடு முடிகிற இடத்தில் சாத்துக்குடி விற்றார்கள், பொம்மை விற்றார்கள், முருகன் படம் விற்றார்கள். வெறுங்காலோடு துள்ளித் துள்ளிப் போகிற ஜனத்துக்குச் செருப்பு விற்க ஒருவன் இல்லை. மேலே கோயில் வாசலில் தொலைத்தவர்களையும் சேர்த்துத் தினமும் நூறு பேர் அவன் கண்ணெதிரேதான் துள்ளிக்கொண்டு போனார்கள். அவர்கள் பழைய செருப்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடியவன் அவன்தான்.

மெட்ராஸ் போய் ரப்பர் செருப்பு ஒரு கோணி வாங்கி வந்தான். ரோட்டோரம் பந்தல் போட்டு, புருஷனை இழந்து வீட்டு வேலை செய்துகொண்டிருந்த தாயம்மாளை உட்கார வைத்தான். சாயங்காலத்துக்குள் கோணி காலி. அளவு பெரிதாக இருந்தால் வாங்காதீர்கள் என்று சொல்ல அவன் அங்கே இல்லாததும் ஒரு காரணம்.

அப்புறம் படியடியில் ஒரு திருத்தம் செய்தான். தட்டை இரண்டாகப் பிரித்து இரண்டு பலகை எழுதி மாட்டினான். ஒன்றில் 'செருப்பு திரும்பக் கொடுக்கப்படும்'. இன்னொன்றில் 'திரும்பக் கொடுக்கப்பட மாட்டாது'. எட்டு நாள் ஆகியும் இரண்டாவது பலகைக்கு ஒரு ஈ காக்கை வரவில்லை. திருவாலங்காட்டுக் கரும்பு விவசாயி கஜபதி மட்டும் வந்து பலகையைப் படித்துவிட்டு வெகுநேரம் நின்றார்.

"இன்னாங்க யோசனை?" என்றான் ஜம்புலிங்கம்.

"நானா குடுத்தா அது தானங்க. பீடைய தானம் பண்ணா போவுமா? அது தானா தொலையணும். நான் பத்திரமா வைக்கணும், நீ தொலைக்கணும். அதாங்க முறை." கஜபதி பலகையைப் பரிதாபமாகப் பார்த்தார். "நீ தொலைக்க மாட்டேங்கறியே தம்பி."

தர்மசங்கடம்தான். தொலைப்பது அவனால் ஆகாது. முயன்றும் பார்த்தான். ஒரு ஜோடியை வேண்டுமென்றே குப்பைமேட்டில் போட்டுவிட்டு வந்தவன், பத்து நிமிஷத்தில் போய் எடுத்து, கழுவித் துடைத்துத் தட்டில் வைத்துவிட்டான். இது பயிற்சியால் வருகிற காரியம் இல்லை, பிறவியிலேயே வேண்டும் என்று புரிந்தது.

பிறவியிலேயே உள்ளவன் ஒருவன் ஊரில் இருந்தான். வேணு என்று பெயர். சைக்கிளை மூன்று தடவை தொலைத்தவன். தன் கல்யாணத்துக்குத் தாலியை வாங்கிக்கொண்டு வந்து, அதைப் பஸ்ஸிலேயே விட்டு இறங்கியவன். திருத்தணி சுற்றுவட்டாரத்தில் அவனிடம் ஒரு குடையைக்கூட யாரும் கொடுக்க மாட்டார்கள். ஜம்புலிங்கம் பலகைகளைக் கழற்றிவிட்டு, தன் தட்டுக்கு இருபது கஜம் தள்ளி ஒரு கொட்டகை போட்டு, அதில் வேணுவை உட்கார வைத்தான். பலகையே தேவைப்படவில்லை. வேணு செருப்பு பார்த்துக்கொள்கிறானாம் என்ற சேதி அரக்கோணம் வரைக்கும் போனது. மறு செவ்வாய்க்கிழமை ஜனம் வரிசையில் நின்றது. வேணுவும் டோக்கன் கொடுத்தான். எந்த எண் எந்தச் செருப்புக்கு என்பது மட்டும் யாருக்கும் தெரியாது, அவனுக்கும்தான். ஜனம் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு டோக்கனை வாங்கிக்கொண்டு நிம்மதியாக ஏறியது.

செருப்பு உண்மையாகவே வேண்டுமென்கிறவர்கள் பச்சையப்பனிடம் கொடுத்தார்கள். வேண்டாதவர்கள் வேணுவிடம் கொடுத்தார்கள். எல்லோரும் கடைசியில் தாயம்மாளைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. சேர்ந்த பழசை வாரத்துக்கு ஒரு லாரி வந்து அள்ளிக்கொண்டு போனது. மெட்ராஸில் ஒரு ரப்பர் மில்லில் அதை அரைத்துக் கால்மிதியடியாகச் செய்தார்கள். தொண்டை மண்டலத்துப் பீடையெல்லாம் இப்போது யார் யார் வீட்டு வாசலில் மிதிபடுகிறதோ தெரியாது.

ஒரே தொந்தரவு முதலாளிதான். பொழுது சாய்ந்ததும் ஜம்புலிங்கம் நைசாக வேணுவின் கொட்டகைக்குள் நுழைந்து ஜோடி சேர்க்க ஆரம்பித்துவிடுவான். இரண்டு தடவை ஆளைக் கண்டுபிடித்துத் திருப்பியும் கொடுத்துவிட்டான். அந்த இரண்டு வாரமும் வேணு பக்கம் கூட்டம் பாதியாகக் குறைந்தது.

வைகாசியில் அவனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி அரைத்துக் குடித்துக்கொண்டு இருபத்தாறு நாள் அறையிலேயே கிடந்தான். கடை மூடியிருக்கும், எல்லாம் போச்சு என்று நினைத்து நினைத்தே பாதி உடம்பு இளைத்தது. எழுந்து தள்ளாடிப் போய்ப் பார்த்தபோது தாயம்மாளின் பந்தல் மூன்று மடங்கு நீண்டிருந்தது. தன் தங்கை கோவிந்தம்மாளைக் கனகம்மாசத்திரத்தில் பஸ் நிற்கிற இடத்தில் இன்னொரு கடை போட்டு உட்கார வைத்திருந்தாள். திருப்பதியில் செருப்பைத் தொலைத்துவிட்டு வருகிறவர்கள் அங்கேதான் இறங்கி டீ குடிப்பார்கள் என்பது அவளாகவே கண்டுபிடித்தது.

"நல்லா கீறியா ஜம்பு?" என்றான் பச்சையப்பன். "உடம்பப் பாத்துக்கோ. இன்னும் ஒரு மாசம் வேணாலும் படு. நீ இல்லாததுல வியாபாரம் நல்லா போவுது."

மாமனார் கேட்டது இதுதானே! ஜம்புலிங்கம் அன்றைக்கே பொதட்டூர்பேட்டைக்குக் கடுதாசி போட்டான். 'நான் இருபத்தாறு நாள் படுத்திருந்தேன். தொழில் ஓடியது.' பதில் இல்லை. மறுபடி போட்டான். அதற்கும் இல்லை. ஆனி முழுக்க தபால்காரன் வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆடி பிறந்துவிட்டது. அவள் போய் ஒரு வருஷம் ஆயிற்று. கடை இரண்டாகியிருந்தது, வேலைக்கு நாலு பேர் இருந்தார்கள், சாப்பிடக் கூப்பிட ஒருவரும் இல்லை.

ஆடிக் கிருத்திகை. மலை முழுக்க மஞ்சள் துணியும் பூக்காவடியுமாக இருந்தது. அரோகரா சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் பேசுவது கேட்கவில்லை. மத்தியானம் வேணு தன்னையே எங்கோ தொலைத்துக்கொண்டு விட்டான். வேறு வழியில்லாமல் பச்சையப்பன் முதலாளியைக் கூப்பிட்டுக் கொட்டகையில் நிறுத்தினான். "நின்னா போதும். எதையும் தொடாத" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. குவியலின் ஓரத்தில் ஒரு ஜோடி பெண் செருப்பு அவன் கண்ணில் பட்டது. பழுப்புத் தோல், மேலே சின்னதாகப் பூ வேலை. கல்யாணமான மாதத்தில் அரக்கோணத்தில் ஏழு கடை ஏறி இறங்கி அவன் காஞ்சனாவுக்கு வாங்கிக் கொடுத்தது. அதைப் போட்டுக்கொண்டுதான் அவள் போன ஆடியில் அப்பாவோடு பஸ் ஏறினாள்.

எடுத்துக்கொண்டு பச்சையப்பனிடம் ஓடினான். "இது யாரு உட்டது?"

"ஒரு சின்ன வயசுப் பொம்பள. கூட ஒரு பெரியவரு. மொதல்ல என்கிட்டதான் வந்திச்சி. கழட்டிக் கையில வச்சிகினு கொஞ்ச நேரம் நின்னிச்சி. அப்புறம் வேணாம்னுட்டு அங்க போயி உட்டுச்சி."

தவறி விட்டது இல்லை. இருபது கஜம் நடந்து போய் விட்டிருக்கிறாள். அவன் வாங்கிக் கொடுத்த செருப்பு. அவள் தலையிலிருந்து தொலைய வேண்டிய பீடை எது என்று யாரும் அவனுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவள் இன்னும் மேலேதான் இருப்பாள். ஓடிப் போய்க் கொடுத்துவிடலாம். கொடுத்தால் அவளுக்குப் பீடை ஒட்டிக்கொண்டே இருக்கும். கால் இரண்டு படி ஏறியும்விட்டது. அங்கேயே நின்றான். தொலைக்க வருகிறவர்களைத் தொலைக்க விடச் சொன்னவளே அவள்தான். திரும்பி வந்து, குவியலின் நடுவில் ஒன்றைப் போட்டான். இன்னொன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எதிர் மூலைக்கு வீசினான். பிறகு கையால் எல்லாவற்றையும் கலக்கிவிட்டான். இப்போது அவன் தேடினாலும் கிடைக்காது. வேணு திரும்பி வந்து, "இன்னாண்ணே அழுவற?" என்று கேட்டான். வெயில் என்றான்.

மோட்டார் ரோட்டுப் பந்தலில் தாயம்மாளுக்குக் கை போதவில்லை. ஜம்புலிங்கம் போய்க் கீழே உட்கார்ந்து, வருகிற கால்களுக்கெல்லாம் அளவு பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் கண்ணைத் துடைக்க வேண்டியிருக்கும்.

"அஞ்சாம் நம்பர் கீதுங்களா?"

மஞ்சள் பூசிய பாதம் சூடு தாங்காமல் மாறி மாறி நின்றது. ஐந்தாம் நம்பரை எடுத்தவன் கை அப்படியே நின்றது. நிமிர்ந்தான். காஞ்சனா நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் சிங்காரம், தலையில் ஒரு டிரங்குப் பெட்டியோடு, பந்தலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் அளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு கடுதாசியும் வந்திச்சி. கூட்டம்தான்" என்றார் சிங்காரம் பொதுவாக. பெட்டியை இறக்கி வைத்துவிட்டு நிழலில் போய் நின்றுகொண்டார்.

ஜம்புலிங்கம் ஐந்தாம் நம்பரை அவள் காலடியில் வைத்தான். "அந்தச் செருப்பு..." என்றான்.

காஞ்சனாவின் முகம் சட்டென்று மாறியது. "ஐயையோ, தேடி எடுத்துகினு வந்துட்டீங்களா? ஒரு வருஷமா அத்தப் போட்டுகினு எங்க நைனா வீட்டுக் கிணத்தடியத்தான் சுத்திகினு கிடந்தேன். அந்த வருஷம் ஒழியட்டும், இனிமே அங்க திரும்பக் கூடாதுன்னு வேண்டிகினு உட்டுட்டு வந்தேங்க. அத்தப் போயி..."

"இல்ல" என்றான் ஜம்புலிங்கம். "தொலைச்சிட்டேன்."

"நெஜமாவா?"

"ஆங். நானே தொலைச்சேன்."

அவள் நம்பாமல் அவன் கண்ணைப் பார்த்தாள். பிறகு அவன் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாகப் புதுச் செருப்பில் நுழைத்தாள்.